மை பரவினாலும் படிக்க முடிந்த கோடுகள்



பார்கோடு எண் 890 என்று தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு, 690 என்றால் சீனத் தயாரிப்பு என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் குடும்பக் குழுவிலும் வந்தது. அது சரியல்ல. அந்தக் கோடுகளின் வரலாறு தெரிந்தால் காரணம் புரியும்.

1948, அமெரிக்காவின் பிலடெல்பியா. பில் போடுவதை விரைவாக்க ஒரு கருவி வேண்டும் என்று பல்பொருள் அங்காடி அதிகாரி ஒருவர் ட்ரெக்சல் கல்லூரியில் கேட்டார். கல்லூரி ஏற்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்ட பெர்னார்ட் சில்வர், நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் சாரணராக இருந்தபோது மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்றவர். மியாமி கடற்கரை மணலில் விரல்களை ஊன்றிக் கீழ்நோக்கி இழுத்தபோது அவருக்கு யோசனை பிறந்தது. தந்தியின் புள்ளியை நீட்டினால் மெல்லிய கோடு. தந்தியின் கோட்டை நீட்டினால் தடித்த பட்டை! எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கும்படி வட்டங்களாகவும் அமைக்கலாம் என்று எண்ணினார். 1952-இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அதைப் படிக்க லேசர் ஒளியும் மலிவான கணினியும் அப்போது இல்லை. சில்வர் 1963-இல் காலமானார். தம் எண்ணம் கடைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மளிகைத் துறை பொதுவான குறியீடு ஒன்றைத் தேடியது. ஆர்.சி.ஏ. நிறுவனம் வட்டக் குறியீட்டை முன்வைத்தது. ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் லாரர் அதில் ஒரு குறை கண்டார். அச்சு இயந்திரத்தில் காகிதம் ஓடும் திசையில் மை இழுபடும். வட்டக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நேர்க்கோடுகளை ஓட்டத் திசையிலேயே அச்சிட்டால், மை இழுபட்டாலும் கோடு சற்று நீளும், அவ்வளவுதான். அகலம் மாறாது. செய்தி இருப்பது அகலத்தில்தானே! 1973 ஏப்ரல் 3-இல் அவரது வடிவம் தேர்வானது. 1974 ஜூன் 26-இல் ஓஹியோவின் ட்ராய் ஊரிலிருந்த மார்ஷ் அங்காடியில் முதன்முதலாக ஒரு ரிக்லி சூயிங்கம் கட்டு லேசரில் படிக்கப்பட்டது. விலை 67 சென்ட். பின்னர் ஐரோப்பா அந்த 12 இலக்கங்களை 13 ஆக்கியது. இன்று நம் கடைகளில் இருப்பது அதுதான்.

கடைசி இலக்கம் சோதனை இலக்கம். 890123456789 என்று ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். இடமிருந்து 1, 3, 5 எனும் ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகை 28. இரட்டை இடங்களின் கூட்டுத்தொகை 34. மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதுவே சோதனை இலக்கம், இங்கே 0. ஏதேனும் ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு உதைக்கும், கருவி ஏற்காது.

ஊறுகாய், எண்ணெய், மசாலா என்று சிறுதொழில் செய்யும் மாணவர்கள் கவனியுங்கள். வெள்ளையில் கறுப்பே பாதுகாப்பு. சிவப்புக் கோடு போடாதீர்கள். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெள்ளையாகவே தெரியும். இயல்பான அளவு, ஓர வெற்றிடம் உட்பட, சுமார் 37 x 26 மி.மீ.; 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்காதீர்கள். இருபக்க வெற்றிடத்தில் எழுத்தோ படமோ வேண்டாம். சின்ன பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் கோடுகள் ஏணிப்படிபோல் தெரிய வேண்டும்.

இனி 890. அது ஜி.எஸ்.1 இந்தியா அமைப்பு வழங்கும் எண்களின் தொடக்கம். நிறுவனம் அங்கே பதிவு செய்திருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். பொருள் வேறு நாட்டில் தயாராகியிருக்கலாம். நம்மூர்ப் பொருள் வாங்க நினைப்பது நல்ல எண்ணம். அதற்குக் கோடுகளை நம்பாமல், உறையில் அச்சிட்டுள்ள தயாரிப்பாளர் முகவரியையும் தயாரித்த நாட்டையும் படியுங்கள்.

வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பிஸ்கட் உறையைக் கொடுத்துச் சோதனை இலக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடையைக் கீழே எழுதட்டும், நான் திருத்தித் தருகிறேன்.