கோட்டுச் சித்திரத்தைத் துப்புரவு செய்த வரலாறு: லித்தோ பிலிம் முதல் போட்டோஷாப் வரை

ஓவியன் பென்சிலால் வரைந்த கோட்டுச் சித்திரம் அச்சிலோ திரையிலோ ரசிகரின் கண்ணுக்கு வந்து சேருமுன், அதன்மேல் படிந்த கறையும், தேடித் தேடி இழுத்த உபகோடுகளும் விலக்கப்பட்டு, வேண்டிய நிறமும் ஏற்றப்பட்டாக வேண்டும் என்பது சித்திரத் தொழிலின் பழைய நியதி. ஸ்கேனரில் எடுத்த படத்தைக் கணிப்பொறியில் திறந்து, கண்ட்ரோல் விசையோடு எல் விசையை அழுத்தி லெவல்ஸைச் சரிப்படுத்தி, அதே கண்ட்ரோலோடு யூ விசையை அழுத்தி நிறத்தை மாற்றி, சில நிமிஷங்களில் அவ்வளவையும் முடித்துவிடுகிற இன்றைய இளம் ஓவியர்கள், இக்குறுக்குவழிகள் யாவும் போட்டோஷாப்போடு பிறந்தவை என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அவற்றுள் பலவற்றின் பின்னால் இருட்டறையிலும் அச்சகத்திலும் அனிமேஷன் கூடத்திலும் திரண்ட நெடிய அனுபவம் இருக்கிறது என்பதும், ஓவியனின் முதல் கோட்டுக்கும் ரசிகனின் பார்வைக்கும் நடுவே நின்ற நகலெடுக்கும் கையைப் படிப்படியாக விலக்குவதே அவ்வனுபவத்தின் போக்காக அமைந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நீலப் பென்சிலைக் கவனிப்போம். அமெரிக்கச் சித்திரக்கதைத் தொழிலில், வெளிர் நீலப் பென்சிலால் உருவத்தை வரைந்து, அதன்மேல் கறுப்பு மையால் முடிவான கோட்டை எழுதி, நீலத்தை அழிக்காமலே காமிராவுக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றியிருந்தது. பிளேட் தயாரிக்கப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் லித்தோ பிலிம் நீல ஒளியை மிகுதியாக உணரும், சிவப்பை உணராது. ஆகையால் வெளிர் நீலக் கோடு வெள்ளைக் காகிதத்தைப் போலவே பதிந்து மறைந்துபோக, கறுப்பு மை மட்டும் எஞ்சியது. ரப்பரால் தேய்த்துக் காகிதத்தின் பரப்பையும் மையின் அடர்த்தியையும் கெடுத்துக்கொள்ளும் சிரமம் இவ்வாறு ஒரு ரசாயனக் குணத்தால் நீங்கிற்று. இன்று கணிப்பொறியிலும், ஸ்கேன் செய்த வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சானல்களாகப் பிரித்து, நீலச் சானலை மட்டும் வைத்துக்கொண்டால் வெளிர் நீலக் கோடுகள் காகிதத்தோடு கலந்து மறைகின்றன அல்லவா? பிலிம் போய்விட்டது, பிலிமில் வேலை செய்த அதே ஒளியியல் நியாயம் சானலில் தொடர்ந்து வேலை செய்கிறது.

அனிமேஷன் துறையின் வரலாறு இதைவிடச் செழிப்பானது, மனத்தை வருத்துவதும்கூட. டிஸ்னி ஸ்டூடியோவில் அனிமேட்டர்கள் காகிதத்தில் பென்சிலால் வரைந்த ஒவ்வொரு சித்திரத்தையும், பெரும்பாலும் பெண்களே பணிபுரிந்த மை-வர்ணப் பிரிவினர் செல் என்னும் ஒளி ஊடுருவும் தாள்மேல் மையால் கையாலேயே நகலெடுத்து, தாளின் பின்புறத்தில் வர்ணம் பூசினர். ஒரே சீரான அகலத்தில், நடுக்கமின்றி, சில இடங்களில் கோட்டுக்கே தனி நிறம் தேர்ந்து அவர்கள் எழுதிய நுட்பத்தை 1959-இல் வெளிவந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படத்தில் இன்றும் காணலாம். அப்படத்திற்குச் சுமார் 60 லட்சம் டாலர் செலவாயிற்று. முதல் வெளியீட்டில் அப்பணம் திரும்பவில்லை. செலவைக் குறைக்கும் வழி தேடிய நிர்வாகத்திற்கு, செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதன்முதலாக நிகழ்த்திக் காட்டிய உலர்நகல் முறை, அதாவது நாம் ஜெராக்ஸ் என்று வழங்குவது, கைகொடுத்தது. டிஸ்னியின் தொழில்நுட்ப வல்லுநர் அப் ஐவர்க்ஸ் அதனைத் திருத்தியமைத்து, பென்சில் சித்திரத்தை நேரே செல்லின்மேல் பதியச் செய்தார். ‘கோலியாத் II’ என்னும் 1960-ஆம் ஆண்டுக் குறும்படத்தில் கையாளப்பட்ட இம்முறை, 1961-இல் ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷியன்ஸ்’ படத்தில் நிலைபெற்றது.

விளைவு இருவகைப்பட்டது. தாம் வரைந்த கோடு, பிறர் கையில் மழுங்காமல், தம் வேகத்தோடும் சொரசொரப்போடும் திரையில் உயிர்பெற்றதைக் கண்டு அனிமேட்டர்கள் பலர் மகிழ்ந்தனர். வால்ட் டிஸ்னிக்கோ அந்தக் கரடுமுரடான தோற்றம் பிடிக்கவில்லை. இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் அனிமேட்டர்கள் பக்கமே சாய்கிறது. எனினும் அந்த லாபத்தின் மறுபுறத்தில், பல ஆண்டுப் பயிற்சியால் கைவந்த பெண்களின் மைக்கோட்டுக் கலை தேவையற்றதாகிப் போயிற்று என்பதையும், சாதனங்களின் சரித்திரம் எழுதுவோர் அதனை ஒரு வரியில் கடந்துவிடுவது அநீதி என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

நிறமேற்றும் பணி அப்போதும் கையிலேயே நின்றது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ரிச்சர்டு ஷூப் உருவாக்கிய ‘சூப்பர்பெயிண்ட்’ கணிப்பொறியில் ஓவியம் தீட்ட வழி திறந்தது. ஆனால் பென்சில் கோட்டின் விளிம்பு கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டென்று மாறுவதில்லை. இடையில் சாம்பல் படிகள் பல உண்டு. ஒரே நிறமுள்ள பரப்பை மட்டும் அறிந்து நிரப்பும் எளிய கட்டளை அந்தச் சாம்பலருகே தயங்கி நின்று, கோட்டைச் சுற்றி அசிங்கமான வெள்ளை விளிம்பை விட்டுவிடும். கணிப்பொறி வரைகலை ஆய்வாளர் ஆல்வி ரே ஸ்மித் 1979-இல் வெளியிட்ட ‘டிண்ட் ஃபில்’ முறை, ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவைத் தொடாமல் நிறத்தன்மையை மட்டும் மாற்றுவதால் இக்குறையைக் களைந்தது. நிழலும் வெளிச்சமும் இருந்தபடியே இருக்க நிறம் மட்டும் மாறும் இன்றைய மறுவர்ண முறைகளின் தத்துவம் இதில் அடங்கியிருக்கிறது. பிக்ஸாரின் துணையோடு டிஸ்னி அமைத்த கேப்ஸ் என்னும் கணிப்பொறி முறையால் 1990-இல் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ முழுவதும் வர்ணம் பெற்றபோது, செல் தாளுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று. சித்திரக்கதையிலும் ஏறக்குறைய அதே காலந்தான்: மூன்று மைகளை நான்கு அளவுகளில் கலந்து கிடைத்த 64 நிறங்களோடு நெடுங்காலம் வாழ்ந்த அத்தொழிலில், 1988 முதல் எபிக் காமிக்ஸ் வெளியிட்ட ‘அகிரா’வின் பக்கங்களுக்கு ஸ்டீவ் ஆலிஃப் கணிப்பொறியால் நிறமேற்றினார்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான தாமஸ் நால் 1987-இல் எழுதத் தொடங்கி, தம் சகோதரர் ஜான் நாலுடன் வளர்த்த நிரல்தான், 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தால் போட்டோஷாப் என்று வெளியிடப்பட்டது. லெவல்ஸ் கட்டளை செய்வது, லித்தோ பிலிம் இருட்டறையில் செய்ததைக் கணக்காகச் செய்வதே: 0 முதல் 255 வரையுள்ள ஒளியளவில், 220-க்கு மேற்பட்ட மங்கல் வெண்மை முழுவதையும் 255 ஆக்கு, 60-க்குக் கீழ்ப்பட்டதைக் கறுப்பாக்கு என்று பணித்தால், காகிதத்தின் பழுப்பும் விரல் தடமும் ஒருசேர மறைகின்றன. இதில் வரம்பு மீறினால் பென்சிலின் மென்மையும் உடன் போய்விடும். துப்புரவின் பெயரால் கோட்டின் உயிரைப் போக்கிய படங்கள் இன்று ஏராளம். 1994-இல் மூன்றாம் பதிப்போடு வந்த லேயர் வசதியும், லேயரில் கையாளும் மல்டிப்ளை முறையும் அந்தக் கடுமையைத் தேவையற்றதாக்கின. மேலுள்ள அளவைக் கீழுள்ள அளவால் பெருக்கி 255-ஆல் வகுக்கும் மல்டிப்ளையில் வெண்மை தானே கரைந்துவிட, சாம்பல் நிற நுட்பங்கள் கீழுள்ள வர்ணத்தோடு இசைந்து நிற்கின்றன. ஒரு மையின்மேல் மற்றொரு மையை ஏற்றி அச்சிடும் அச்சகத்தார் அறிந்திருந்த பலனே இது.

இவ்வரிசை முழுவதிலும் தலையாயது எது என்று கேட்டால், 1996-ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் வந்த அட்ஜஸ்ட்மெண்ட் லேயரையே நான் சுட்டுவேன். அதே பதிப்பில் வந்த ஆக்‌ஷன்ஸ், பல கட்டளைகளைப் பதிவுசெய்து ஒரே விசையில் திரும்பச் செய்வதால் வேகத்தைத் தந்தது. அட்ஜஸ்ட்மெண்ட் லேயரோ, திருத்தத்தை மூலத்தின்மேல் எழுதாமல் தனியே நிறுத்தி, எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ள இடம் தந்தது. முந்தைய முறைகள் எல்லாம் சேர்ந்து தராத சுதந்திரம் அது. ஆகவே தம் சித்திரங்களையோ, மறைந்த ஓவியர்களின் சித்திரங்களையோ ஸ்கேன் செய்து பாதுகாக்க முற்படுவோரிடம் என் வேண்டுகோள் ஒன்றுண்டு: துப்புரவு செய்த படத்தோடு, நீலக் கோடும் கறையும் காகிதப் பழுப்பும் உள்ளபடியே அமைந்த, கைபடாத முதல் வண்ண ஸ்கேனையும் தனிக் கோப்பாகச் சேமித்து வையுங்கள், ஓவியன் எங்கே தயங்கினான், எந்தக் கோட்டைக் கைவிட்டான் என்பதற்கு ஆய்வாளனுக்குக் கிடைக்கும் சான்று அதில்தான் இருக்கிறது.