இரவு ஷிப்டும் விருப்பப் பாடமும்

கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. வெப்பப் பரிமாற்றம், நிறைப் பரிமாற்றம், வினைப் பொறியியல் என்று எல்லாரும் ஒன்றைத்தான் படிக்கிறார்கள். அதன் பிறகுதான் விருப்பப் பாடங்களின் பட்டியல் கைக்கு வருகிறது. பெட்ரோலியச் சுத்திகரிப்பு, உரம், பாலிமர், மருந்து, உணவுத் தொழில்நுட்பம், உயிர்ச்செயல்முறை, சுற்றுச்சூழல், கணினியில் ஆலையை மாதிரியிட்டுப் பார்க்கும் சிமுலேஷன். இதில் பெண்கள் பட்டியலின் பின்பாதிக்குப் போவார்கள் என்று ஆசிரியர்கள், சீனியர்கள், வீட்டார் எல்லாருமே எதிர்பார்க்கிறார்கள். "பொண்ணுங்களுக்கு அதுலதான் இன்ட்ரஸ்ட்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த 'இன்ட்ரஸ்ட்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் வகுப்பறையில் விடை கிடைப்பதில்லை. அது ஒரு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நோணாங்குப்பத்தில் இருந்துகொண்டு இதை யோசிப்பது வசதியானது. சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் ஏறித் தெற்கே கடலூர் சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் கடலூர் சிப்காட்டின் ரசாயன ஆலைகள் வந்துவிடும். வடக்கே புதுச்சேரி நகரத்தைத் தாண்டினால் காலாப்பட்டில் கெம்ஃபேப் ஆல்கலிஸ். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலை. பாதரசத்தை விட்டுவிட்டு, சவ்வுக் கல முறையை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது அதுதான், 1985-இல். அதற்குப் பக்கத்தில் பிள்ளைச்சாவடியில், 1984-இல் தொடங்கி இன்று புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட பொறியியல் கல்லூரி. படிக்கும் இடமும் வேலை செய்யும் இடமும் பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன. தூரத்தை வைத்துப் பார்த்தால் எங்கள் பெண்களுக்குத் தடை எதுவும் இல்லை.

தடை கடிகாரத்தில் இருந்தது. ரசாயன ஆலை மாலை ஆறு மணிக்கு விளக்கணைத்துப் பூட்டிவிட்டுப் போகிற இடமல்ல. ஒரு வடிகட்டும் கோபுரத்தைச் சூடாக்கி, அடியிலிருந்து உச்சிவரை வெப்பமும் அழுத்தமும் நிலைகொள்ள வைப்பதற்கே பல மணி நேரம் ஆகும். நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும்தான் ஆபத்து அதிகமான வேளைகள். அதனால் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், ஆலை நிற்காமல் ஓடும். ஆட்கள்தான் மாறுவார்கள்: காலை 6 முதல் 2, 2 முதல் இரவு 10, 10 முதல் காலை 6. உற்பத்திப் பிரிவுக்குப் போகும் புதுப் பொறியாளர் முதல் சில ஆண்டுகள் இந்த மூன்று ஷிப்டிலும் சுழல்வார். எந்தப் பம்பு எப்படிச் சத்தம் போட்டால் எது பழுது, எந்த வால்வு படத்தில் ஒரு மாதிரியும் தரையில் வேறு மாதிரியும் இருக்கிறது என்பதெல்லாம் மேலாளர்கள் வீட்டில் தூங்கும் அந்த இரவுகளில்தான் தெரியவரும். ஷிப்ட் பொறுப்பாளர், உற்பத்தி மேலாளர், ஆலைத் தலைவர் என்ற ஏணியின் முதல் படி அது.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, எந்தத் தொழிற்சாலையிலும் பெண்கள் காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வேலை செய்யக் கூடாது என்றது. மாநில அரசுகள் நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எந்தத் தளர்வும் கிடையாது. மூன்று ஷிப்டையும் இதன்மேல் வைத்துப் பாருங்கள். தளர்வு இல்லாத இடத்தில் பெண்ணுக்கு மிஞ்சுவது காலை ஷிப்ட் ஒன்றுதான். சுழற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வரக்கூடிய பொறியாளரை எந்த ஆலை எடுக்கும்?

இது கூலித் தொழிலாளிகளுக்கான சட்டம்தானே, பொறியாளருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு 64-ஆவது பிரிவைப் படித்தேன். மேற்பார்வை, நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு வேலைநேரம் பற்றிய அத்தியாயம் முழுவதிலிருந்தும் விலக்கு உண்டு என்கிறது அது. ஒரே ஒரு விதியைத் தவிர. அந்த ஒன்று, பெண்களுக்கான இரவுத் தடை. ஆண் பொறியாளர் மேற்பார்வையாளர் ஆன அன்றே நேரக் கட்டுப்பாடுகளிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். பெண் எவ்வளவு உயர்ந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவள் முதலில் பெண். இந்தச் சட்ட வாக்கியத்தை எழுதியவர்கள் மறந்துபோய் எழுதவில்லை. யோசித்து, விலக்குக்குள் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்.

உலகம் முழுக்க அப்போது அப்படித்தானே இருந்தது என்ற பதிலும் நிற்காது. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பெண்களின் இரவு வேலைக்கு எதிராக உடன்படிக்கை கொண்டுவந்தது. நூற்பாலைகளில் இரவெல்லாம் நின்று, பகலில் வீட்டு வேலையையும் சுமந்த பெண்களின் களைப்பு அதன் பின்னால் இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பொறுப்பான பதவியில் இருக்கும் பெண்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி கிளம்பியது. பெண்களுக்கு மட்டுமான 'பாதுகாப்பு'ச் சட்டங்களை எதிர்த்தே அந்நாளில் ஐரோப்பியப் பெண்கள் இயக்கம் கட்டினார்கள். விவகாரம் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. பொருந்தும் என்று 1932 நவம்பரில் அது கருத்துரைத்தது, 6-க்கு 5 என்ற கணக்கில். அமைப்பு 1934-இல் உடன்படிக்கையைத் திருத்தி நிர்வாகப் பதவியில் இருக்கும் பெண்களை விலக்கியது. 1948-இல் மறுபடி திருத்தியபோது, பொறுப்பான தொழில்நுட்பப் பதவியில் இருக்கும் பெண்களையும் அந்த விலக்கில் சேர்த்தது. பெண் பொறியாளருக்கு உலகம் கதவைத் திறந்தது அந்த ஆண்டில்தான். அதே 1948-இல்தான் சுதந்திர இந்தியா தன் சட்டத்தில் அந்தக் கதவை அடைத்தது.

66-ஆவது பிரிவு இரவில் யாரையுமே விடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மீன் பதனிடும் ஆலைக்கும் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கும் விலக்கு உண்டு. மூலப்பொருள் கெட்டுப்போகக் கூடாதாம். விடியுமுன் கூடையோடு ஏலத்துக்குப் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்த கடலோரத்துக்காரிக்கு இதைப் படித்தால் சிரிப்பும் வரும், வேறென்னவோவும் வரும். பெண்ணின் உடம்பும் மானமும் இரவில் ஆபத்துக்குள்ளாகும் என்பதுதான் தடைக்குச் சொன்ன காரணம். மீன் அழுகும் என்றால் அந்த ஆபத்து இல்லாமல் போய்விடுகிறது.

இரவைக் கணக்கில் வைத்துப் பெண்கள் படிப்பைத் தேர்ந்தெடுப்பது நம் பொறியியல் கல்வியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் மின்பொறியியல் சேர்ந்த அ. லலிதா, 18 வயதில் கணவரை இழந்தவர்; கையில் குழந்தை. மருத்துவம் படித்தால் நள்ளிரவில் குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதாலேயே பொறியியலை எடுத்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. பிறகு கல்கத்தாவில் மின் நிறுவனமொன்றின் வடிவமைப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தார். வடிவமைப்பு என்பது வரைபலகை வேலை, பகல் வேலை. அமெரிக்காவில் 1937-இல் எம்.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான மார்கரெட் ஹட்சின்சனும் வடிவமைப்பாளர்தான். பெட்ரோலியத்தைப் பிரித்தெடுக்கும் கோபுரங்களில் பழகிய கையோடு, பெரிய தொட்டிகளில் பென்சிலின் வளர்க்கும் முதல் வணிக ஆலையை வடிவமைத்தார். புரூக்ளினில் 1944-இல் அது ஓடத் தொடங்கியது. எண்ணெயில் கற்றது மருந்துக்கு உதவியது என்பதை, இரண்டில் எதை எடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவிகள் கவனிக்கலாம்.

பகல் வேலை என்றால் மட்டமான வேலை என்று நான் சொல்லவரவில்லை. எம்.ஐ.டி.யின் முதல் மாணவி எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸுக்கு முனைவர் பட்டம் தர நிறுவனம் முன்வரவில்லை. அவர் தண்ணீரை எடுத்துக்கொண்டார். 1887-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீர்நிலைகளைச் சோதிக்கும் பெரும் பணியை ஆய்வகத்தில் நடத்தினார். சுகாதாரப் பொறியியல் ஒரு துறையாக எழுந்ததில் அவருக்கு முக்கியமான பங்கு உண்டு. ஒதுக்கப்பட்ட மூலையில் நின்றுகொண்டே ஒரு துறையை உண்டாக்கியவர் அவர். அதற்காக மூலைக்கு ஒதுக்கியது சரி என்று ஆகிவிடுமா?

நம் நாட்டில் சுற்றுச்சூழல் ஒரு பிழைப்பாக விரிந்தது போபாலுக்குப் பிறகு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, விடிந்தால் 3, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மாதிரி எடுத்துச் சோதிப்பது, அறிக்கை தயாரிப்பது என்று பகல் நேர வேலைகள் பெருகின. பெண்கள் அங்கே போனார்கள். போகக்கூடிய இடம் அது. சட்டத்தைத் திருத்தியவர்கள் இரவுத் தடையில் கை வைக்கவில்லை. போபாலில் செத்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் எத்தனை பேர்! நியாயம் கேட்டுப் பல்லாண்டுகள் தெருவில் நின்றவர்களில் பெண்களே முன்வரிசையில் இருந்தார்கள்.

கடலூரிலும் இதுதான். ஆலைகள் இரவில் வெளிவிடுவதைச் சுவாசித்தவர்கள் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள். 2004-இல் சிப்காட் பகுதி மக்களே கண்காணிப்புக் குழு அமைத்து, எந்த வாடை எந்தத் திசையிலிருந்து எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்துவைத்தார்கள். எளிய வாளிக் கருவியால் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மதிலுக்கு உள்ளே இரவில் பெண்ணுக்கு இடமில்லை. மதிலுக்கு வெளியே அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு அவள் தூங்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துவைத்து ஒரு விருப்பப் பாடம் நடத்த ஆளிருந்தால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

தடை உடைந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில். வசந்தா வழக்கு என்று அறியப்படும் வழக்கில், 2000 டிசம்பரில், அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் காலாப்பட்டுக்கும் சிப்காட்டுக்கும் ஒரே நாளில் கதவு திறந்தது. திறந்த கதவில் நீதிமன்றம் நிபந்தனைகளையும் வைத்தது. போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு. எல்லாம் நியாயமானவை. கூடவே ஒன்று: இரவில் பெண்களை வேலைக்கு வைத்தால் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக வைக்க வேண்டும். நூற்பாலையையும் தையல் கூடத்தையும் மனதில் வைத்து எழுதியது என்று தெரிகிறது. அங்கே நூறு பெண்கள் இருப்பார்கள். நடுத்தரமான ஒரு ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் இரவு ஷிப்டுக்கு ஆணும் பெண்ணுமாகச் சேர்த்தாலே பத்துப் பேர் தேறமாட்டார்கள். ஒற்றைப் பெண் பொறியாளர் ஒன்பது பேரை எங்கே போய்த் தேடுவாள்? ஆலைகளும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பழையபடியே ஆண்களை எடுப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எல்லா வகை வேலையிலும் பெண்களை அமர்த்தலாம் என்கிறது. காலை 6-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் என்றால் அவர்கள் சம்மதம் வேண்டும். சம்மதம் நல்ல சொல். ஆனால் வளாக நேர்காணலில் 21 வயதுப் பெண்ணிடம் "நைட் ஷிப்டுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்கும்போது, அடுத்த நாற்காலியில் இருக்கும் பையனிடம் அந்தக் கேள்வி வருவதில்லை. அவள் தலையை ஆட்டினாலும், ரெண்டாவது ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்குக் கம்பெனி வண்டி அவளைக் கடலூர் சாலையில் இறக்கிவிடுமா, நோணாங்குப்பத்துக்குள் வீட்டு வாசல்வரை வருமா என்பதை அம்மா அன்றே கேட்டு வரச் சொல்லியிருப்பார். வாசல்வரை வரும் என்று எழுத்தில் கொடுத்தால், அடுத்த பட்டியலில் அவள் தங்கை பெட்ரோலியத்துக்கு நேராக டிக் அடிப்பாள்.