கொல்லனின் தோற்கொடியும் இடையனின் பாலும்

மன்னரைப் பாடுவதும் மாவீரரைப் போற்றுவதும் பண்டை இலக்கியங்களின் பொது இயல்பு. ஆயினும் அப்பெருநூல்களின் நடுவே, பட்டமும் பதவியும் இல்லாத சாமானிய மனிதன் ஒருவன் தோன்றி, உயர்ந்த கருத்தொன்றின் உருவமாகவே நிலைத்துவிடுவதைக் காண்கிறோம். கொல்லனும் இடையனும் யாழ் மீட்டும் கிழவனும் இவ்வாறு இறவாப் பெயர் பெற்றுள்ளனர். கவிஞர்கள் இவர்களை அழைத்து வந்தது எதற்காக? அழைத்து வந்தபின் மனிதராக மதித்தார்களா, அன்றிப் பொருள் விளக்கும் கருவியாக மட்டும் கொண்டார்களா? பாரசீக மொழியின் இரு பெரும் படைப்புகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

முதலாவது, 1010ஆம் ஆண்டளவில் பிர்தௌஸி நிறைவு செய்த ‘ஷாஹ்நாமா’. பெயருக்கேற்ப அது மன்னர்களின் நூல். அதில் ளஹ்ஹாக் என்னும் கொடுங்கோலன் வருகிறான். அவனுடைய தோள்களில் முளைத்த இரு பாம்புகளுக்கு நாள்தோறும் இரு இளைஞரின் மூளை இரையாக வேண்டும். அத்தகையவன் தன்னை நீதிமான் என்று சான்றுரைக்கும் பத்திரம் ஒன்றை எழுதச் செய்து, பிரமுகர்களின் கையொப்பம் கேட்கிறான். அவர்கள் அஞ்சி ஒப்பமிடும் வேளையில் காவே என்னும் கொல்லன் சபைக்குள் புகுகிறான். பிள்ளைகளைப் பாம்புகளுக்குப் பறிகொடுத்து, எஞ்சிய ஒரே மகனுக்காக நீதி கேட்டு வந்தவன் அவன். மகனைத் திருப்பித் தந்த மன்னன், பத்திரத்தில் நீயும் ஒப்பமிடு என்கிறான். காவே அதைக் கிழித்து எறிந்து வெளியேறுகிறான். உலைக்களத்தில் தான் இடுப்பில் கட்டும் தோலை ஈட்டி முனையில் ஏற்றி மக்களைத் திரட்டுகிறான். பரீதூன் அரியணை ஏற அத்தோலே கொடியாகிறது.

அதன்பின் அந்தத் தோலுக்கு நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். பரீதூன் அதைப் பட்டாலும் பொன்னாலும் மணிகளாலும் அலங்கரித்தான். பின்வந்த மன்னர் ஒவ்வொருவரும் புதிய மணிகளைப் பதித்தனர். உலையின் கரி படிந்த தோல், கண்ணைப் பறிக்கும் அரச கொடியாயிற்று. கொல்லனோ கதையிலிருந்து மெல்ல மறைந்து போனான். ஸாஸானியப் பேரரசின் கொடியாக அது இருந்ததையும், காதிஸிய்யாப் போரில் அது முஸ்லிம் படையினர் கைக்கு வந்ததையும் நம் பண்டைய வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். கொடுங்கோலை எதிர்த்து எழுந்த தோல், மணிகளின் கனத்தில் முகம் மறைந்து, அரசர்களின் பெருமையாகவே முடிந்தது. சாமானியன் சின்னமாகும்போது நேரும் ஆபத்து இதுவே. சின்னம் வளரவளர மனிதன் தேய்கிறான்.

இரண்டாவது, மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) அவர்களின் ‘மஸ்னவி’. 1207இல் பிறந்து 1273இல் கொன்யா நகரில் மறைந்த அவர்கள், தம் மாணவர் ஹுஸாமுத்தீன் சலபியின் வேண்டுகோளுக்கிணங்க இயற்றிய ஆறு பாகங்களைக் கொண்ட நூல் அது; ஏறத்தாழ 25,000 ஈரடிகள் உடையது. 1243இல் கோஸெ தாக் போரில் ஸல்ஜூக்கியர் மங்கோலியரிடம் தோற்றபின், அரசுகளின் பெருமை ஆட்டங்கண்டிருந்த காலம். அக்காலத்தில் எழுந்த இந்நூலில் மன்னர்களும் வருகிறார்கள். ஆனால் நெஞ்சில் நிற்பவர்கள் எளியோரே.

இரண்டாம் பாகத்தில் வரும் இடையன் கதை பலரும் அறிந்தது. இறைவனை முன்னிலைப்படுத்தி, உன் செருப்பைத் தைத்துத் தருவேன், தலை வாருவேன், பேன் பார்ப்பேன், பால் கொண்டு வருவேன் என்று அவன் உருகுகிறான். கேட்ட மூஸா நபி (அலை) கடிந்துரைக்க, அவன் ஆடையைக் கிழித்துக்கொண்டு பாலைவனத்துள் சென்றுவிடுகிறான். இணைக்க வந்த நீர் பிரிக்கலாமா என்று இறைவன் மூஸா நபியிடம் வினவ, அவர்கள் அவனைத் தேடிச் செல்கிறார்கள்.

இடையனின் சொற்கள் நம் அகீதாவுக்கு ஒத்தவை அல்ல. ரூமி (ரஹ்) அவர்களும் அவற்றைக் கொள்கையாக நிறுவவில்லை. கற்றவர்கள் செய்யும் புகழுரையும் இறைவனின் உயர்வுக்கு முன் இடையனின் பேச்சைப் போலக் குறைபாடுடையதே என்பதுதான் அவர்கள் உணர்த்தும் பாடம். அப்பாடத்தின் வலிமை எங்கிருந்து வருகிறது? பாலிலிருந்தும் சீப்பிலிருந்தும் வருகிறது. தன்னிடம் உள்ளதை மட்டுமே ஒருவன் தர முடியும். இடையனிடம் இருந்தவை அவையே. அவற்றை நீக்கிவிட்டு ‘எளிய பக்தன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கதை அன்றே மறைந்திருக்கும்.

முதற்பாகத்தில் வரும் பாலைவன அரபியின் கதையும் அத்தகையதே. வறுமை தாளாத மனைவியின் தூண்டுதலால், அவன் மழைநீர் நிறைந்த குடம் ஒன்றைக் கலீபாவுக்குக் காணிக்கையாகச் சுமந்து பக்தாதுக்குச் செல்கிறான். அந்நகரில் தஜ்லா நதி ஓடுவது அவனுக்குத் தெரியாது. கலீபா அந்நீரை மதிப்புடன் ஏற்று, குடத்தைப் பொன்னால் நிரப்பி, அவனை நதி வழியே படகில் அனுப்புகிறார். பெருகி ஓடும் நீரைக் கண்டபோதுதான் தன் காணிக்கையின் சிறுமையும் அதை ஏற்றவரின் பெருமையும் அவனுக்குப் புலனாகின்றன. கணவன் அறிவு, மனைவி நப்ஸு, குடம் நம் சிற்றறிவு என்று ஆசிரியரே பொருள் விரிக்கிறார். ஆயினும் கம்பளியில் பொதிந்து தைத்த அக்குடத்தையும், அது பத்திரமாகச் சேர வேண்டுமென்று தொழுத பெண்ணின் கவலையையும் அவர் கைவிடவில்லை. பொருள் விளங்கிய பின்னும் அவ்விருவரும் மனிதராகவே நம் முன் நிற்கிறார்கள்.

குரல் கெட்டு, ஆதரவற்று, மதீனாவின் மையவாடியில் இறைவனுக்காக யாழ் மீட்டி உறங்கிப்போன முதியவர் கதையும் முதற்பாகத்தில் உண்டு. கனவில் வந்த ஆணைப்படி உமர் (ரலி) அவர்கள் 700 தீனாருடன் இறைவனின் நேசரைத் தேடிச் செல்கிறார்கள். அங்கே இருந்தவர் அம்முதியவர் ஒருவரே. இவரா அந்த நேசர் என்று உமர் (ரலி) முதலில் ஐயுறுவதாக அமைத்ததில்தான் கதையின் உயிர் உள்ளது. இதை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளலாகாது. இதையொத்த கதை நைஷாப்பூர் ஷைகு அபூ ஸயீத் (ரஹ்) அவர்களைப் பற்றிய பழைய நூலிலும் காணப்படுகிறது.

ஏட்டில் எளியவனை உயர்த்தியவர், வீட்டிலும் வீதியிலும் அவ்வாறு நடந்தாரா என்று கேட்பது நியாயமே. ஷம்ஸ் தப்ரேஸி மறைந்தபின் ரூமி (ரஹ்) தம் நெருங்கிய தோழராகத் தேர்ந்தவர் ஸலாஹுத்தீன் ஸர்கூப். பொன்னைத் தகடாக அடிக்கும் தொழிலாளி. ஏட்டுக் கல்வி இல்லாதவர். இப்பாமரரா நமக்கு வழிகாட்டி என்று சீடர்கள் கொதித்ததை ரூமியின் புதல்வர் ஸுல்தான் வலதே எழுதி வைத்துள்ளார். ரூமி பின்வாங்கவில்லை. அத்தொழிலாளியின் மகளைத் தம் மகனுக்கு மணமுடித்துச் சம்பந்தியும் ஆனார். ‘பூட்டு’ என்பதற்கான சொல்லை ஸலாஹுத்தீன் பிழையாக உச்சரிப்பார் என்றும், அவரை மதித்து ரூமியும் அவ்வாறே உச்சரித்தார் என்றும் அப்லாகீ என்னும் வரலாற்றாசிரியர் கூறுகிறார். இடையனின் பேச்சுக்குக் காவியத்தில் இடமளித்தவர், பட்டறைத் தொழிலாளியின் பேச்சுக்குத் தம் நாவிலேயே இடமளித்தார்.

நம் தமிழிலும் இம்மரபு உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ நம் இல்லங்களில் அறியாதார் இலர். அதில் வரும் வேடனுக்கு வேட்டையே பிழைப்பு. காட்டுக்குச் சென்ற மான் திரும்பி வருமா என்று அவன் ஐயுறுவது அவனுடைய அனுபவ அறிவு. அந்த ஐயத்தைப் புலவர் இகழவில்லை. அதனால்தான், மான் கன்றுடன் திரும்பியபோது அவன் உள்ளம் திரும்புவதும் நம்பத்தக்கதாக அமைகிறது.

இவை அனைத்துக்கும் அளவுகோலாக அமைவது ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சி. பள்ளிவாசலைப் பெருக்கி வந்த பெண்மணி ஒருவர் காணப்படாமற்போகவே, அண்ணல் நபிகள் (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி வினவினார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட அண்ணலார், அடக்கவிடத்தைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். அப்பெண்மணியை அவர்கள் எளிமையின் சின்னமாக்கிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. காணோமே என்று தேடினார்கள்.

இன்று நம் மேடைகளிலும் ஏடுகளிலும் ‘ஏழை’, ‘பாமரர்’, ‘சாமானியர்’ என்னும் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. அவை அனைத்தும் காவேயின் கொடியில் பதித்த மணிகளைப் போல் ஒளிர்கின்றன. அம்மணிகளுக்கு அடியில் இருக்கும் தோலைத் தொட்டுப் பார்ப்பவரே எளியோரைப் பற்றி எழுதத் தகுதியுடையவர். நம் பள்ளிவாசலைப் பெருக்குபவர் ஒரு வாரம் வராவிட்டால் அவர் எங்கே என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருக்குமாயின், நம் இலக்கியத்தில் சாமானியனுக்கு உரிய இடம் தானே அமையும்.