நாணயத்துக்குச் சாட்சி யார்?

திருத்தணி ஒரு விசித்திரமான காரியம் செய்த ஊர். இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் அசையாமலே ராஜ்யம் மாறிய ஊர் அது. 1953-ல் ஆந்திரம் பிறந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு வந்து சேர்ந்தது. அதனால் மலையடிவாரத்து மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டில் ஓர் எழுத்தாவது மாறியிருக்குமா? முதல் நாள் நாணயஸ்தராக இருந்தவர் மறுநாளும் நாணயஸ்தர்தான்.

ஊர் நின்ற இடத்தில் நிற்க, மனிதன் கடல் கடந்து போய்த் திரும்பினால் கதை வேறு.

நம் பாஷையில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாமையும்தான். காசைப் பெட்டியில் பூட்டி எடுத்து வந்துவிடலாம். மற்றது அண்டை வீட்டார் நினைவிலும் கடைக்காரர் பேரேட்டிலும் அல்லவா இருக்கிறது? அது கப்பலேறி வருவதில்லை.

பர்மாவை எடுத்துக்கொள்வோம். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அந்த நாட்டில் தீர்ப்புச் சொன்னவர்கள் நம் செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள். 1929-30-ல் விசாரணை நடத்திய பாங்குக் குழு, அவர்களுடைய மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. பிறகு நெல் விலை சரிந்தது. கடன் பாக்கிக்காக நிலங்கள் கைமாறின. 1938-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் அவர்கள் வசமாயிற்று. பர்மியக் குடியானவனின் வயிற்றெரிச்சலையும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

1962-ல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் பாங்குகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. ஆக, காசு என்ற நாணயமும் போயிற்று.

சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் லட்சாதிபதிகள் அல்லர்; சிறு வியாபாரிகள், குமாஸ்தாக்கள், கூலிகள். ரங்கூனில் முப்பது வருஷம் தவணை தவறாதவர் என்பது வியாசர்பாடியில் யாருக்குத் தெரியும்? ஜாமீன் நிற்கத் தெரிந்த மனிதர் இல்லை. ஈடு வைக்க நிலமும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி 1969-ல் பிறந்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே மத்திய சர்க்கார் ஒரு கூட்டுறவு வங்கியை உண்டாக்கிற்று. இன்று ரெப்கோ என்று வழங்குவது அதுதான். திரும்பி வந்தவர்களையே அது அங்கத்தினர்களாகச் சேர்த்துக்கொண்டது. வேறெங்கும் சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த அகதி வாழ்வு, அங்கே உள்ளே நுழையும் சீட்டாயிற்று.

இப்போது பேரேடு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 2000-ல் சிபில் வந்தது. 2005-ல் அதற்கான சட்டம் வந்தது. முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை மனிதனுக்கு மார்க்குப் போடுகிறார்கள். ஆனால் இந்த நவீனக் கணக்கப்பிள்ளைக்கும் கடலுக்கு அப்பால் கண் தெரிவதில்லை!

திருத்தணியில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர், பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் உழைத்துவிட்டு வந்தார். வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்தில், "உங்கள் பேரில் ஒன்றுமே பதிவாகவில்லையே!" என்றார்களாம். வாழ்நாளில் ஒரு தவணை தவறாதவருக்கு இந்தப் பதில்! பிறகு ஐம்பதினாயிரம் ரூபாயை வைப்பு நிதியில் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். மாதம் பெட்ரோலுக்கு மட்டும் அதைத் தேய்த்து, கெடுவுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டி வருகிறார்.

"என் பணமே எனக்கு ஜாமீன் நிற்கிறது, சார்! வெட்கமாக இருக்கிறது" என்றார்.

வெட்கத்துக்கு இதில் இடமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் முன்பணமாவது இருந்தது. அன்று துறைமுகத்தில் இறங்கிய குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. ஆதாரம் கேட்காமல் முதல் கடனை யாராவது ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆதாரம் அதற்குப் பிறகுதான் பிறக்கும். அந்த முதல் துணிச்சலைக் கம்ப்யூட்டரிடம் எதிர்பார்க்க முடியாது. மனிதர்கள்தான் காட்ட வேண்டும்.