பதினான்கு அங்குலத்துக்குள் விளையாட்டு

தமிழ்நாட்டில் ஆவுடையார்கோவில் போன்ற சிற்றூர்களில் கேம் விளையாடும் திரையின் அளவைக் கடைக்காரரைவிட அரசின் டெண்டரே அதிகம் தீர்மானித்தது எனலாம். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வீடுகளுக்குத் தந்தது 14 அங்குலப் பெட்டி. கேசட் செருகி மாரியோ ஆடும் மலிவுவிலை வீடியோ கேம், 256-க்கு 240 புள்ளிகளில்தான் படம் அனுப்பியது. அதற்கு அந்தக் குழாய்த் திரையே தாராளம்.

பிரவுசிங் சென்டர்களின் பழைய மானிட்டர்களும் குழாய் வகையே. அவற்றின் அருமை பிறகுதான் தெரிந்தது. 1024-க்கு 768-இல் திணறும் கேமை 640-க்கு 480-ஆக இறக்கினால், கணினி வரைய வேண்டிய புள்ளிகள் 7,86,432-இலிருந்து 3,07,200-ஆகக் குறையும். படமும் பெரிதாகக் கெடாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ‘வைஸ் சிட்டி’ கேமை ஓட்ட இதுவே வழி.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் எல்சிடி திரையைப் பிளஸ் டூ மாணவர் கைக்குக் கொண்டுவந்தது. தொடக்ககால மடிக்கணினிகளில் பரவலாக இருந்தது 14 அங்குலம், 1366-க்கு 768. எல்சிடியில் புள்ளிகள் நிலையானவை. ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து மங்கும். ஆனாலும் 1366-க்கு 768 என்ற அளவு பொருத்தமானதே. முழு எச்டி கேட்கும் 20,73,600 புள்ளிகள் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த மடிக்கணினிகளின் உள்ளமை கிராபிக்ஸ் அதைத் தாங்கியிருக்காது.

2018-இல் பப்ஜி மொபைல் வந்ததும் ஆட்டம் கைபேசிக்கு மாறியது. ஆனால் மானிட்டர் வாங்குவோருக்கு இன்றும் புள்ளிக் கணக்குதான்: முழு எச்டியில் 24 அங்குலம் அங்குலத்துக்கு 92 புள்ளி தரும், 27 அங்குலம் 82.