கிளேபாங் மணல்மேடுகளுக்குக் கேம்பர்வேன் பயணம்: புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலாக்கா நகரிலிருந்து கடற்கரையோரமாகப் போர்ட்டிக்சன் திசையில் சில கிலோமீட்டர் சென்றால் கிளேபாங் வரும். அங்குள்ள மணல்மேடுகளை மக்கள் 'பாடாங் பாசிர் கிளேபாங்', அதாவது கிளேபாங் பாலைவனம் என்று அழைக்கிறார்கள். திருமணப் படம் எடுக்கும் ஜோடிகளும் பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பங்களும் இங்கு வந்து போகின்றனர். கேம்பர்வேன் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கே போய் இரவு தங்கினால் என்ன என்ற எண்ணமும் பலருக்கு வருகிறது.

அந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது நல்லது. கிளேபாங் மணலில் காலையோ மாலையோ இரண்டு மணி நேரம் கழிக்கலாம். இரவை அதற்கென்று வசதி உள்ள இடத்தில்தான் கழிக்க வேண்டும். ஏன் என்பதற்கு இந்த மணல் எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மணல் வந்த கதை

இயற்கையான மணல்மேடுகளைக் காற்றுதான் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்த்துக் குவிக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவின் மேடுகள் 200 மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிகளும் காற்று குவித்தவையே. கிளேபாங் மணல் அப்படிப்பட்டதல்ல. கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்திற்காகக் கொட்டப்பட்ட மணல் அது. காற்றும் மழையும் அதன் மேல் வரிவரியாகக் கோடு போட்டதால் பாலைவனத் தோற்றம் வந்தது.

கொலராடோவில் முகாம் திடல், கழிப்பறை, பூங்காக் காவலர் எல்லாம் உண்டு. கிளேபாங் மணல்மேடு ஒரு பூங்கா அல்ல. நிழல் தரும் மரம் கிடையாது. உயிர்க்காப்பாளரும் கிடையாது. மேம்பாட்டுக்காக உருவான நிலம் என்பதால் கட்டுமானம் தொடங்கினால் வேலி போடப்படலாம், மணலும் குறையலாம். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் அங்குள்ள கடைக்காரர்களிடமோ உள்ளாட்சி மன்றத்திடமோ நிலைமையைக் கேட்டுக்கொள்வது அவசியம். நுழையத் தடை என்று பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டும்.

இரவு தங்க ஏற்ற இடம்

அலோர் காஜா மாவட்டத்தில், மஸ்ஜித் தானாவை ஒட்டிய தஞ்சோங் பிடாரா கடற்கரை மலாக்கா நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. மர நிழலும் உணவுக் கடைகளும் கொண்ட இந்தக் கடற்கரை, கூடாரம் போட்டுத் தங்கும் குடும்பங்களுக்குப் பழக்கமான இடம். கிளேபாங்கிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா வழியாக இங்கு வரலாம்.

இடம் பதிவு செய்யும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். கேம்பர்வேனை இரவு நிறுத்த அனுமதி உண்டா? தரை கெட்டியானதா? கழிப்பறையும் குளியலறையும் இரவில் திறந்திருக்குமா? மின் இணைப்பு கிடைக்குமா? வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ அழைத்துச் செல்பவர்களுக்கு மூன்றாவது கேள்விதான் முதல் கேள்வி.

இந்தக் கடலோரத்தில் பாடாங் கெமுந்திங், பெங்காலான் பாலாக் பகுதிகளில் அழுங்காமை என்ற அரிய கடலாமை முட்டையிடக் கரையேறுகிறது. மணலில் தீ மூட்டுவதும் கடலை நோக்கிப் பளிச்சென்று விளக்குப் போடுவதும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். குஞ்சுகளுக்கும் வழி தவறிவிடும். இரவில் கடல் பக்கத்து விளக்கை அணைத்து வைப்பது பெரிய உதவி.

எந்த நாள், எந்த நேரம்

மலாக்காவில் காலை ஏழு மணியளவில் விடிகிறது. ஏழரை முதல் ஒன்பதரை வரை மணலில் நடக்க ஏற்ற நேரம். பத்து மணிக்கு மேல் வெறுங்காலை மணல் சுடத் தொடங்கும். மாலையில் போக விரும்புவோர் ஐந்தரைக்கு மேல் போய், இருட்டுமுன் சாலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டிய பருவமாற்றக் காலத்தில் பிற்பகல் இடிமழை அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று நீரிணையைக் கடந்து விடியற்காலையில் அடிக்கும். வண்டியின் பக்கவாட்டுக் கூரைத் துணியை விரித்தபடியே தூங்கிவிட்டால் அது கிழிந்துபோகும். படுக்கும் முன் சுருட்டி வைத்துவிட வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைகுவாச்சா செயலியில் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம்.

உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வெட்டவெளி மணல்மேட்டின் உச்சியில் நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். இடியோசை கேட்டவுடன் இறங்கி வண்டிக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்ட பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம்.

கடலில் கால் நனைக்க நினைப்பவர்கள் நீர்மட்டத்தையும் கவனிக்க வேண்டும். மலாக்கா நீரிணையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் கூடும். அந்த நாள்களில் நீர் ஏறும் எல்லைக்கு அருகில் வண்டியை நிறுத்தக்கூடாது.

மாசி மகத்தின்போது செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்குப் பல மாநிலங்களிலிருந்தும் பக்தர்கள் வருவதால் அந்த வட்டாரச் சாலைகள் நெரிசலாகும். விழாவுக்குப் போகிறவர்கள் பயணத்தை அத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வேறு வாரம் பார்ப்பது நல்லது.

வண்டியும் உரிமமும்

'டி' வகுப்பு உரிமம் உள்ளவர் வெற்று எடை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத காரை ஓட்டலாம். 'டிஏ' உரிமம் ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டுமே செல்லும். வாடகை வேன்களில் கை கியர் வண்டிகளும் உண்டு என்பதால் முன்பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

வேனைக் கேம்பர்வேனாக மாற்றியமைக்க ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. அனுமதியில்லா வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி இழப்பீட்டில் சிக்கல் வரலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அனுமதிச் சான்று, சாலை வரி, காப்புறுதி ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். சேதம் ஏற்பட்டால் வாடகைக்கு எடுத்தவர் எவ்வளவு கட்ட வேண்டும், மணலில் சிக்கிய வண்டியை இழுக்கும் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முன்பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளைப் படிக்காததால்தான்.

எத்தனை பேர் படுக்கலாம் என்பது வேறு, எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்பது வேறு. பாதுகாப்பு வார் உள்ள இருக்கைகளின் எண்ணிக்கைதான் கணக்கு. பின்னிருக்கையிலும் வார் அணிவது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஓடும் வண்டியில் பிள்ளைகளைப் படுக்கையில் தூங்க வைக்கக்கூடாது.

நெடுஞ்சாலையில் வருபவர்கள் சிம்பாங் அம்பாட் அல்லது ஆயர் குரோவில் வெளியேறலாம். லாரி அடிச்சட்டத்தில் கட்டிய ஆறு சக்கர வண்டிக்கு டோல் கட்டணம் இரண்டாம் வகுப்பில் வரும். டச் அண்ட் கோ அட்டையில் அதற்கேற்பப் பணம் இருக்க வேண்டும்.

தண்ணீர், மின்சாரம், அடுப்பு

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு ஒன்றரை நாளுக்குக் குடிக்க 20 லிட்டர், சமைக்க 10 லிட்டர், கைகால் கழுவ 20 லிட்டர் என 50 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். மணல் படிந்த கால்களை வண்டிக்கு வெளியே ஒரு வாளியில் கழுவ வேண்டும். தொட்டிக் குழாயில் மணல் போனால் அடைத்துக்கொள்ளும்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தச் சக்தி 1,200 வாட்-மணி. ஈய அமில பேட்டரியில் பாதியை, அதாவது 600 வாட்-மணியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. 20 வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம் ஓடினால் 320 ஆகும். விளக்குக்கு 50, நான்கு கைப்பேசிக்கு 60. மொத்தம் 430. ஏர்கோன் போட்டால் ஒரு மணி நேரத்திற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஏர்கோனை நம்பக்கூடாது. குளிர்பெட்டிக்குப் பதில் ஐஸ் பெட்டி போதும்.

கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைக்கக்கூடாது. அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். மழை பெய்தாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. கையடக்க எரிவாயு அடுப்பில் அகலமான சட்டியை வைத்தால் வெப்பம் திரும்பி எரிவாயுக் குப்பியைச் சூடாக்கும். குப்பிகளை வெயிலில் பூட்டிய வண்டியில் விடக்கூடாது. வீட்டிலேயே குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனால் அங்கே சோறு வடிப்பதோடு வேலை முடியும்.

மணலில் கவனிக்க வேண்டியவை

வண்டியைத் தார்ச்சாலை அல்லது கெட்டித் தரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். தவறிச் சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்கக்கூடாது, சக்கரம் இன்னும் புதையும். ஆட்களை இறக்கி, சக்கரத்தின் முன்னால் உள்ள மணலைத் தோண்டி, பலகை அல்லது கால்மிதியை வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். ஆனால் சாலையில் வேகமெடுக்கும் முன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும்.

மணல் எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளம்போல் தெரியும். அமைதியாகத் தோன்றும் அந்த நீரில் இரண்டடி வைத்தால் ஆழம் திடீரென்று கூடலாம். கரை மணல் சரிந்து ஏறவும் முடியாமல் போகும். தூர்த்த நிலத்தின் கடலோர விளிம்பில் மணலுக்கு அடியில் சேறு இருக்கக்கூடும். பிள்ளைகளை இந்த இரண்டு இடங்களுக்கும் விடக்கூடாது. பெரியவர்களில் ஒருவர் கைப்பேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொள்ள வேண்டும். மணலில் முழங்காலுக்கு மேல் குழி தோண்டி உள்ளே இறங்குவதையும் தடுக்க வேண்டும், பக்கங்கள் சரிந்தால் மூச்சு முட்டும். அவசரத்துக்கு 999.

ஒன்றரை நாள் திட்டம்

ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல் பகுதிகளிலிருந்து வருபவர்கள் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிளம்பினால் ஐந்து மணிக்குள் தஞ்சோங் பிடாராவில் இடம் பிடித்து, வெளிச்சத்திலேயே வண்டியைச் சமமாக நிறுத்தலாம். ஞாயிறு அதிகாலையில் கட்டிவைத்துக் கிளம்பினால் ஏழரை, எட்டுக்குள் கிளேபாங் மணலில் கால் வைக்கலாம். ஒன்பதரைக்கு இறங்கிப் பசியாறிவிட்டு, அருகில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்கலாம். பிரெஞ்சுக் கடற்படையில் இருந்த அந்த 'ஊசான்' கப்பலில்தான் மலேசிய நீர்மூழ்கி வீரர்கள் பயிற்சி பெற்றார்கள். கிளேபாங்கின் பேர்பெற்ற தேங்காய் ஷேக் ஒன்றைக் குடித்துவிட்டு மதியத்திற்குள் வீடு திரும்பினால் மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் களைப்பு இருக்காது.

கேம்பர்வேன் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் சொந்தக் காரில் ஒரு கூடாரத்துடன் இதே திட்டத்தைப் பின்பற்றலாம். மணலும் கடலும் இருவருக்கும் ஒன்றுதான். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பெரிய பை மட்டும் மறக்காமல் இருக்கட்டும்.