ஒரு மாணவர் கேட்ட கேள்வி

வகுப்பில் கையுயர்த்தும் மாணவரைக் காணுந்தோறும் 1940களின் கல்கத்தா என் நினைவுக்கு வருகிறது.

அங்கே இளம் விரிவுரையாளர் சி. ஆர். ராவ், ஃபிஷரின் மதிப்பீட்டுக் கோட்பாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தார். தரவுகள் எண்ணற்றுப் பெருகும்போது பொருந்தும் துல்லிய எல்லை, தரவுகள் சிலவாயினும் பொருந்துமா என்று மாணவர் தாண்டேகர் வினவினார். அன்றிரவே ராவ் விடை கண்டார், 1945இல் வெளியிட்டார். கிராமர்-ராவ் எல்லை என்பது இதுவே: தரவில் பொதிந்த தகவலின் அளவே துல்லியத்துக்கு வரம்பு வகுக்கிறது.

1967இல் ஹெல்ஸ்ட்ராம் இதனைக் குவாண்டம் உலகிற்கு விரித்தார். அங்கே அளக்கும் முறையைப் பொறுத்துத் தகவல் மாறும். நேர்கோட்டில் அதிரும் ஒளித்துகளின் கோணத்தை அறிய, அதை வலஞ்சுழி, இடஞ்சுழி எனப் பிரித்தளந்தால் எக்கோணத்திற்கும் பாதிக்குப் பாதியே கிட்டும், தகவல் சுழியம். 1994இல் பிரான்ஸ்டைனும் கேவ்ஸும், எல்லா அளவீடுகளிலும் பெறத்தக்க உச்சம் குவாண்டம் ஃபிஷர் தகவலே என நிறுவினர். ஓர் அளவீடு தரும் தகவலை இவ்வுச்சத்தால் வகுத்தால் அதன் திறன் புலப்படும்; 1 எனில் எதுவும் வீணாகவில்லை.

நண்பர்களே, தேர்வுத்தாளும் ஓர் அளவீடுதானே! 50 புள்ளி பெற்ற பிள்ளையின் அறிவு பாதிதானா? அல்லது நம் வினாக்கள் பாதியைத்தான் வெளிக்கொணர்ந்தனவா? விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் என் சிவப்புப் பேனா சற்றே தயங்குகிறது.